லிஃப்ட் செய்த ஹைலக்ஸ் இடப்பக்கம் இழுக்கிறது: அப்பர் ஆர்ம் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

எஸ்டேட்காரன் (வால்பாறை)

வணக்கம் நண்பர்களே. வண்டி 2022 ஹைலக்ஸ், 2.8 டீசல், மேனுவல். செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முதல் ஓனரே லிஃப்ட் செய்து வைத்திருந்தார். முன்னால் ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) தலைக்கு மேல் ஸ்பேசர் என்ற வட்டு வைத்து 2 இன்ச் தூக்கல். பின்னால் பட்டைக் கட்டில் (லீஃப் ஸ்பிரிங்) கூடுதலாக ஒரு பட்டை. டயர் 265/65 ஆர்17 ஆல் டெரெய்ன். ஷாக்கும் ஸ்பிரிங்கும் கம்பெனி கொடுத்தவைதான்.

நேர் சாலையில் 80க்கு மேல் போனால் வண்டி இடப்பக்கம் ஒதுங்குகிறது. பொள்ளாச்சி – உடுமலை சாலையில் ஸ்டியரிங்கை வலப்பக்கம் லேசாகப் பிடித்தபடியே ஓட்ட வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய தொல்லை மலையில். ஆழியாரிலிருந்து மேலே ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வர வேண்டுமல்லவா? இது பாதி வழியில் நின்றுகொள்கிறது, மீதியை நான்தான் சுற்ற வேண்டும். இடது முன் டயரின் வெளி ஓரமும் மற்றதைவிட வேகமாகத் தேய்கிறது.

அலைன்மென்ட் செய்த கடையில் கொடுத்த தாளில் உள்ளது இது: கேம்பர் (சக்கரம் உள்ளே, வெளியே சாயும் கோணம்) இடது +0.48, வலது +0.24. கேஸ்டர் இடது 0.54, வலது 1.30. மொத்த டோ (மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) உள்பக்கமாக 0.06. டோ மட்டும் பச்சை, மற்ற எல்லாம் சிவப்பு. கேட்டால், "இந்த வண்டியில் கேம்பர், கேஸ்டர் அட்ஜஸ்ட் கிடையாது சார், டோ மட்டும்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். கோவையில் இன்னொரு கடையில் அப்பர் ஆர்ம் (சக்கரத்தை மேல்பக்கம் சேஸிஸோடு இணைக்கும் கை), புது ஷாக், புது ஸ்பிரிங் மூன்றையும் செட்டாக மாற்றினால்தான் சரியாகும் என்று ஒரு தொகை சொன்னார்கள். தொகையைக் கேட்டுத் தலை சுற்றியது.

ஒரு விசித்திரமும் இருக்கிறது. பின்னால் உர மூட்டை ஏற்றிய நாட்களில் ஸ்டியரிங் ஒழுங்காகத் திரும்புகிறது. வண்டி காலியாக இருந்தால்தான் இந்தச் சோம்பல். ஏன்?

19ஸ்பேனர் (பொள்ளாச்சி)

அண்ணா, முதலில் அந்தத் தாளைச் சரியாகப் படித்துவிடுவோம். 0.48 என்று இருப்பது அரை டிகிரிக்குச் சற்றுக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மெஷின் டிகிரியையும் நிமிடத்தையும் அச்சிடுகிறது. 48 நிமிடம் என்றால் 0.8 டிகிரி. அதேபோல் வலது கேஸ்டர் 1.30 என்பது ஒன்றரை டிகிரி, இடது ஒரு டிகிரிகூட இல்லை. இந்த வண்டிக்கு மூன்று டிகிரி பக்கத்தில் கேஸ்டர் இருந்தால்தான் ஸ்டியரிங் உயிரோடு இருக்கும்.

அப்புறம், "அட்ஜஸ்ட் கிடையாது" என்று சொன்னது தவறு. டார்ச் அடித்து லோயர் ஆர்ம் சேஸிஸில் சேரும் இடத்தைப் பாருங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஒரு பக்கத்துக்கு இரண்டு போல்ட். ஒவ்வொன்றின் தலையிலும் மையம் விலகிய வட்ட வாஷர் இருக்கும், ஓரத்தில் கோடு கோடாகக் குறிகள். அதுதான் கேம். அதைத் திருப்பினால் லோயர் ஆர்ம் உள்ளே வெளியே நகரும், கேம்பரும் கேஸ்டரும் மாறும். டோ மட்டும் செய்துவிட்டு அனுப்புவது கடைக்குச் சுலபம், கால் மணி நேர வேலை. கேம் போல்ட்டைக் கழற்றத் துணிவதற்குப் பொறுமை வேண்டும்.

வண்டி ஏன் இடப்பக்கம் போகிறது என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கிறது. எந்தப் பக்கம் கேஸ்டர் குறைவோ அந்தப் பக்கம் இழுக்கும். எந்தப் பக்கம் கேம்பர் வெளிப்புறமாக அதிகம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமும் இழுக்கும். உங்களுக்கு இரண்டுமே இடப்பக்கம். போதாததற்கு நம் சாலைகள் தண்ணீர் வடிய இடது ஓரத்துக்குச் சரிந்திருக்கின்றன. மூன்றும் கூட்டு. இடது டயரின் வெளி ஓரம் தேய்வது அந்த 48 நிமிட கேம்பரால்.

கேஸ்டர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக: சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருக்கிறதே, அந்தச் சாய்வுதான். அதனால்தான் கையை விட்டும் சைக்கிள் ஓட்ட முடிகிறது. காரில் ஆர்ம்களைச் சக்கரத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டுகளில், மேல் பால் ஜாயின்ட் கீழ் பால் ஜாயின்ட்டைவிடச் சற்றுப் பின்னால் இருக்கும். அந்தச் சாய்வு குறைந்தால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. கொண்டை ஊசியில் நீங்கள் சுற்றுவது அதைத்தான்.

உர மூட்டைக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் ஓர் அளவு வேண்டும். சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் ஹப் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து போடுங்கள். ஸ்பேசரின் தடிமனையும் இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்துவிடுங்கள்.

அடக்கவிலை (திருச்சி)

நான் சொல்வது யாருக்கும் பிடிக்காது, சொல்லிவிடுகிறேன். ஸ்பேசரையும் கூடுதல் பட்டையையும் கழற்றிப் போட்டுவிட்டு கம்பெனி உயரத்துக்கே வாருங்கள். எல்லாம் பச்சை ஆகிவிடும்.

பின்னால் எவ்வளவு தூக்கினாலும் டிஃபரென்ஷியல் உருண்டை தரையிலிருந்து இருக்கும் உயரம் ஒரு மி.மீ. கூடாது. அது அச்சோடு சேர்ந்து சக்கரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தூக்குவது டயரின் உயரம் மட்டுமே. கல்லில் முதலில் இடிப்பது அந்த உருண்டைதான். அப்புறம் எதற்கு இந்த லிஃப்ட்? பெட்ரோல் பங்க்கில் நிற்கும்போது நன்றாக இருக்கிறது என்பதற்காகவா?

ஷார்ஜா_மணல் (ஷார்ஜா)

அடக்கவிலை அண்ணன் பின்பக்கத்தைச் சொன்னது சரி. ஆனால் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன். முன் டிஃபரென்ஷியல் சேஸிஸில் மாட்டியிருக்கிறது, லிஃப்ட் செய்தால் அதுவும் மேலே போகும். ஏறும் கோணம், நடுவயிறு தட்டாமல் மேட்டைத் தாண்டுவது, இவையும் உயரத்தால் கூடும். பதாயர் மணல்மேட்டில் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தால் லிஃப்ட் எதற்கென்று கேட்க மாட்டீர்கள்.

எஸ்டேட்காரன் ப்ரோ, என்னுடைய ஓட்டு அப்பர் ஆர்முக்கு. காரணம் கேஸ்டர் மட்டுமல்ல. ஸ்பேசர் ஸ்ட்ரட்டின் தலைக்கு மேல் இருப்பதால் ஷாக் முழுவதும் நீளும்போது சக்கரம் கம்பெனி நினைத்ததைவிடக் கீழே தொங்கும். அப்போது கம்பெனி ஆர்மின் பால் ஜாயின்ட் தன் கோண எல்லையைத் தொட்டுவிடும், ஆர்ம் காயில் ஸ்பிரிங்கில் போய் உரசும். சேஸிஸை ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஆர்மின் உள் விளிம்பில் பெயின்ட் தேய்ந்து பளபளப்பாக ஒரு தடம் இருந்தால், உரசல் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

நான் போட்டிருப்பது குழாய் ஆர்ம், பால் ஜாயின்ட்டுக்குப் பதில் யூனிபால் (திறந்த உருண்டை பேரிங்). நன்றாகத் தொங்குகிறது.

குவாந்தான்_தோட்டம் (பகாங், மலேசியா)

யூனிபால் உங்கள் பாலைவனத்துக்குச் சரி. இங்கே எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில், நவம்பரில் மழை பிடித்தால் பிப்ரவரி வரை செம்மண் சேறு. யூனிபாலுக்கு மூடி கிடையாது. சேறு உள்ளே புகுந்து, காய்ந்து, கொஞ்ச நாளில் கடக் கடக் என்று சத்தம். வால்பாறை மழையும் லேசுப்பட்டது இல்லை. அண்ணன் ஆர்ம் வாங்கினால் ரப்பர் பூட் மூடிய பால் ஜாயின்ட் உள்ளதாக வாங்குங்கள், கிரீஸ் நிப்பிள் இருந்தால் இன்னும் நல்லது. புஷ்ஷும் (ஆர்ம் சேஸிஸில் சேரும் இடத்து மெத்தை) ரப்பரே போதும். பாலியூரிதேன் புஷ் கட்டியாக இருக்கும், ஆனால் கிரீஸ் காய்ந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் கிறீச்சிடும்.

ஆனால் 2 இன்ச்சுக்கு ஆர்ம் கட்டாயமா என்றால் எனக்குச் சந்தேகம். இந்தத் தோட்டத்தில் ஓடும் ஹைலக்ஸ்களில் பாதி, லிஃப்ட் செய்தும் கம்பெனி ஆர்மோடுதான் ஓடுகின்றன. கேமை முழுக்கப் பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான்.

எஸ்டேட்காரன்

அளந்துவிட்டேன். ஹப் மையத்திலிருந்து மட்கார்டு வரை முன் இடது 558 மி.மீ., முன் வலது 550. பின்னால் இரண்டு பக்கமும் 595. வண்டி காலி, அரை டேங்க் டீசல்.

ஸ்பேசர் லேத்தில் கடைந்த நைலான். வெர்னியர் வைத்துப் பார்த்தால் இடது 30 மி.மீ., வலது 26! இரண்டும் ஒரே அளவு என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆர்மில் அந்தப் பளபளப்புத் தடம் இடப்பக்கம் மட்டும் இருக்கிறது, வலப்பக்கம் இல்லை.

கேம் குறிகள் நான்கும் நடுவிலேயே நிற்கின்றன. யாரும் தொட்டதே இல்லை. மேலே துரு.

19ஸ்பேனர்

ஆக, கதை இப்போது விளங்குகிறது. ஸ்ட்ரட் லோயர் ஆர்மின் நடுவில் மாட்டியிருக்கிறது, சக்கரம் ஆர்மின் நுனியில் இருக்கிறது. அதனால் ஸ்பேசரில் 1 மி.மீ. என்றால் சக்கரத்தில் கிட்டத்தட்ட 1.8 மி.மீ. நான்கு மி.மீ. வித்தியாசம் ஏழு, எட்டு மி.மீ. ஆகத் தெரியும். உங்கள் அளவிலும் 8 தான் வந்திருக்கிறது. இடப்பக்கம் அதிகம் தூக்கியிருப்பதால் அங்கே கேம்பர் அதிகம் கெட்டது, கேஸ்டர் அதிகம் குறைந்தது. முதல் வேலை, இடது ஸ்பேசரைக் கழற்றி 26க்குக் கடைவது. லேத்தில் டீ குடிக்கும் நேர வேலை. ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது ஸ்பிரிங்கைப் பிரிக்கத் தேவையில்லை, இந்த ஸ்பேசர் மேலே போல்ட்டில் உட்காருகிறது. ஸ்பிரிங்கைப் பிரிக்கச் சொன்னால் கம்ப்ரெஸ்ஸர் இல்லாமல் யாரையும் தொடவிடாதீர்கள், அது ஆளை அடித்துவிடும்.

இனி உர மூட்டை. ஹைலக்ஸின் வீல்பேஸ் 3,085 மி.மீ. இந்த நீளத்தில் பின்பக்கம் 54 மி.மீ. இறங்கினால் சேஸிஸ் முழுவதும் ஒரு டிகிரி பின்னால் சாய்கிறது. சேஸிஸ் சாய்ந்தால் அதில் மாட்டியிருக்கும் இரண்டு பால் ஜாயின்ட்டுகளின் கோடும் சாயும். அதாவது கேஸ்டர் ஒரு டிகிரி கூடும். மூட்டை ஏற்றினால் பின்பக்கம் அமுங்குகிறது, கேஸ்டர் திரும்பி வருகிறது, ஸ்டியரிங்கும் திரும்புகிறது. இறக்கினால் போய்விடுகிறது.

இதைத் திருப்பிப் பார்த்தால், காலி வண்டியில் உங்கள் கேஸ்டரைப் பெரும்பங்கு தின்றது அந்தக் கூடுதல் பட்டை. முன்னால் 50 தூக்கிப் பின்னாலும் 50 தூக்கினால் சேஸிஸ் சாய்வு மாறாது, கேஸ்டரில் போவது முன் ஆர்ம்களின் கோணத்தால் போவது மட்டும்தான். பின்னால் அதைவிட அதிகம் தூக்கினால் அந்த அதிகப்படிக்கு 54க்கு ஒரு டிகிரி கணக்கில் மேலும் போகும். ஷோரூமில் பின்பக்கம் சற்று உயர்ந்தே இருக்கும், அது சுமைக்காக விட்டது. உங்களுடையது அதையும் தாண்டி நிற்கிறது.

அந்தப் பட்டையை எடுத்தால் எவ்வளவு இறங்கும் என்று பார்க்க வேண்டும்.

ஷார்ஜா_மணல்

அட, இந்தக் கணக்கை நான் யோசித்ததே இல்லை. ஆனால் அவர் சுமை ஏற்றுபவர். பட்டையை எடுத்துவிட்டால் பின்பக்கம் தரையைத் தொடுமே?

குவாந்தான்_தோட்டம்

தொடாது. முழு நேரமும் தாங்கும் பட்டைக்குப் பதில் கீழே ஹெல்பர் பட்டை போடலாம். தட்டையாக இருக்கும், காலி வண்டியில் சும்மா கிடக்கும், சுமை ஏறி மேல் பட்டைகள் நிமிர்ந்தால்தான் வேலையில் சேரும். கட்டு போல்ட்டும் யூ போல்ட்டும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய யூ போல்ட்டைத் திரும்ப முறுக்கினால் அது நீளும்.

பாலிசி_பார்வை (சென்னை)

நடுவில் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. தேய்ந்த புஷ், பால் ஜாயின்ட், ஷாக் மாற்றுவது பராமரிப்பு. உயரத்தைக் கூட்டுவது வேறு கணக்கு. விபத்து என்று வந்தால் சர்வேயர் முதலில் இப்படிப்பட்ட நைலான் ஸ்பேசரைத்தான் போட்டோ எடுப்பார். மாற்றங்களை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். முன்னால் இரும்புக் கம்பி பம்பர் மாட்டும் எண்ணம் இருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். அதைத் தடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

அடக்கவிலை

நான் சொன்னதை இவர் சட்டப் பிரிவு எண்ணோடு சொல்கிறார். நன்றி.

எஸ்டேட்காரன்

பம்பர் எண்ணம் இல்லை. இன்சூரன்ஸுக்கு எழுதுகிறேன், நல்ல யோசனை.

19ஸ்பேனர் தம்பி, கேம் போல்ட் கழற்றும்போது என்னென்ன பார்க்க வேண்டும்? இங்கே நம்ம மெக்கானிக் கைதேர்ந்தவர், ஆனால் லிஃப்ட் வண்டி பார்த்துப் பழக்கமில்லை.

19ஸ்பேனர்

முதலில் ஆட்டம் பாருங்கள். ஆட்டம் உள்ள வண்டிக்கு அலைன்மென்ட் செய்தால் தாளில் பச்சை வரும், சாலையில் வராது. இந்த வண்டியில் ஸ்பிரிங்கின் பாரம் லோயர் ஆர்மில் இறங்குகிறது. அதனால் ஜாக்கியை சேஸிஸுக்கு வைக்காமல் லோயர் ஆர்முக்கு, பால் ஜாயின்ட் பக்கத்தில் வைத்துத் தூக்குங்கள். அப்போதுதான் பால் ஜாயின்ட்டின் மேல் இருக்கும் பாரம் நீங்கும், ஆட்டம் இருந்தால் தெரியும். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட், வீல் பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியின் நுனி மூட்டு). ஒருவர் ஆட்ட, இன்னொருவர் விரலை ஜாயின்ட்டின் மேல் வைத்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தெரியும்.

கேம் போல்ட்டைத் தொடுவதற்கு முன் வாஷரின் இடத்தை பெயின்ட் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மாலையே துரு எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். நட் கழன்றாலும் போல்ட் புஷ்ஷின் உள் குழாயோடு துருவால் ஒட்டியிருக்கும், சுத்தியால் அடித்துத் திருப்பினால் புஷ் ரப்பர்தான் கிழியும். திரும்பவே மறுத்தால் போல்ட்டை அறுத்துவிட்டுப் புது போல்ட், புது புஷ். கேம் திருகும்போது கேம்பரும் கேஸ்டரும் ஒன்றோடு ஒன்று இழுபடும். லோயர் ஆர்ம் முழுவதும் வெளியே போனால் கேம்பர் சரியாகும். முன் கேமையும் பின் கேமையும் எதிரெதிராகத் திருப்பி லோயர் பால் ஜாயின்ட்டை முன்னால் தள்ளினால் கேஸ்டர் கூடும். கேமின் வீச்சு ஓர் அளவுதான், கேம்பருக்கே செலவாகிவிட்டால் கேஸ்டருக்கு மிச்சம் இருக்காது.

இதைப் பலர் தவறவிடுகிறார்கள்: அந்த நட்டுகளைக் கடைசியாக முறுக்கும்போது வண்டி நான்கு சக்கரத்திலும் தன் எடையில் நிற்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது முறுக்கிவிட்டால், வண்டி இறங்கியதும் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் கிழியும், உயரமும் தவறாகக் காட்டும்.

டோ எப்போதும் கடைசி. கேம்பர் அசைந்தால் டோவும் அசையும். இந்த டயர் விட்டத்துக்கு 6 நிமிட டோ என்பது ஒன்றரை மி.மீ.கூட இல்லை, அவ்வளவு நுணுக்கம். முடிந்த பிறகு ஸ்டியரிங் கோண சென்சாருக்கு ஜீரோ பாயின்ட் கொடுக்கச் சொல்லுங்கள், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் அதை நம்பித்தான் வேலை செய்கிறது.

எண்கள்: கேம்பர் இரண்டு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டி. கேஸ்டர் இடது வலதைவிட 10–15 நிமிடம் அதிகம், சாலைச் சரிவுக்காக. அதிகம் உள்ள பக்கத்திலிருந்து குறைந்த பக்கம் போகும் என்பதால் இது வண்டியை வலப்பக்கம் லேசாகத் தள்ளி, சரிவைச் சமன் செய்யும். அமெரிக்கக் காணொளி பார்த்து வலதுக்கு அதிகம் வைத்துவிடாதீர்கள், அவர்கள் சாலை எதிர்ப்பக்கம் சரிகிறது.

எஸ்டேட்காரன்

வேலை நடந்தது. இடது ஸ்பேசரைக் கடைந்து 26 ஆக்கினோம். இடது பின் கேம் போல்ட் நீங்கள் சொன்னபடியே புஷ்ஷோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு நாள் எண்ணெய் ஊறியும் அசையவில்லை, பிளேடு போட்டு அறுத்தார்கள். வெளியே வந்த உள் குழாயைப் பார்த்தேன், துரு உப்பி போல்ட்டும் குழாயும் ஒரே இரும்பாகிவிட்டன. புது போல்ட், அந்த ஆர்முக்குப் புது புஷ். மற்ற மூன்றும் கழன்றன. ஒவ்வொன்றுக்கும் கிரீஸ் தடவிப் போட்டார்கள்.

புதுத் தாள்: கேம்பர் இடது +6 நிமிடம், வலது 0. கேஸ்டர் இடது 1 டிகிரி 54 நிமிடம், வலது 1 டிகிரி 42. டோ 6 நிமிடம். இடது கேம் அதற்கு மேல் போகவில்லை. வலது 2 டிகிரியைத் தாண்டிப் போனது, ஆனால் நீங்கள் சொன்ன வித்தியாசத்துக்காகக் குறைத்து வைத்தோம்.

இழுப்பு போய்விட்டது. உடுமலை சாலையில் கையைத் தளர்த்தினாலும் நேராகப் போகிறது. கொண்டை ஊசியில் முன்பைவிடத் தேவலை, ஆனாலும் கடைசிக் கால் சுற்றுக்குக் கை தேவைப்படுகிறது.

ஷார்ஜா_மணல்

அந்தக் கால் சுற்றுக்குத்தான் அப்பர் ஆர்ம். மேல் பால் ஜாயின்ட்டையே பின்னால் தள்ளி வைத்த ஆர்ம் போட்டால் கேமை நடுப்பக்கம் திரும்பக் கொண்டுவரலாம், கேஸ்டர் 3க்கு மேலே போகும்.

19ஸ்பேனர்

அதற்கு முன் பட்டை, ப்ரோ. ஆர்மின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

எஸ்டேட்காரன்

கூடுதல் பட்டையை எடுத்து, தட்டையான ஹெல்பர் போட்டாயிற்று. யூ போல்ட் புதிது. காலி வண்டியில் பின்பக்கம் 595இலிருந்து 552க்கு வந்துவிட்டது, 43 மி.மீ. இறக்கம். தாள்: கேஸ்டர் இடது 2 டிகிரி 42 நிமிடம், வலது 2 டிகிரி 30. கேமைத் தொடவே இல்லை. கிட்டத்தட்ட அந்த 54 கணக்கே வந்துவிட்டது, 43க்கு 48 நிமிடம்.

வளைவில் ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறது. மூட்டை ஏற்றினாலும் பின்பக்கம் தட்டவில்லை. ஆனால் வேகத்தடையில் இறங்கும்போது முன்னால் "டங்" என்று ஒரு சத்தம் இன்னும் இருக்கிறது. ஆக்சில் மூட்டை மூடும் ரப்பர் பூட்டில் லேசாக கிரீஸ் கசிவும் தெரிகிறது.

அடக்கவிலை

பட்டையைக் கழற்றச் சொன்னது யார்? சும்மா கேட்டேன்.

19ஸ்பேனர்

பாதியைச் சொன்னீர்கள் அண்ணா, ஒத்துக்கொள்கிறேன்.

அந்த "டங்" ஸ்பேசரின் சத்தம். சக்கரம் கீழே தொங்கும்போது ஏதோ ஒன்று தன் எல்லையில் முட்டுகிறது. ஷார்ஜா ப்ரோ சொன்ன இடம்தான். இடது ஆர்மில் தடம் புதிதாக விழுகிறதா என்று அங்கே கொஞ்சம் பெயின்ட் அடித்துப் பாருங்கள். மேல்நோக்கியும் ஒரு கோளாறு உண்டு. ஸ்பேசர் இருக்கும் அளவுக்கு ஷாக் முன்னதாகவே முழுவதும் சுருங்கிவிடும், பம்ப் ஸ்டாப் ரப்பர் தடுக்க வேண்டிய அடியை ஷாக் வாங்கும். ஆக்சிலும் அப்படியே. கோணம் கூடினால் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடு ஒன்று உரசி வெடிக்கும். கசிவு கிளாம்ப்பிலா, மடிப்பிலா? கிளாம்ப் என்றால் மாற்றினால் போதும். மடிப்பு என்றால் பூட் மாற்ற வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். மண் உள்ளே போனால் ஆக்சிலே போய்விடும். டிஃபரென்ஷியலை இறக்கும் கிட் விற்கிறார்கள். கோணம் குறையும், ஆனால் நீங்கள் தூக்கிய இடைவெளியில் பாதியை அதுவே திரும்ப எடுத்துக்கொள்ளும். 2 இன்ச்சுக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

அடுத்துச் செலவு செய்வதென்றால் ஸ்பேசரைத் தூக்கி எறிந்துவிட்டு, 40 மி.மீ. உயர்த்தும் ஸ்பிரிங்கும் அதற்கென்றே நீளம் பொருத்திய ஷாக்கும் போடுங்கள். ஓல்ட் மேன் ஈமு, அயர்ன்மேன், டஃப் டாக் எல்லாவற்றிலும் கிடைக்கும். ஸ்பிரிங்கை முன்பாரம் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். வின்ச்சும் இரும்பு பம்பரும் இல்லாத வண்டிக்கு ஹெவி ஸ்பிரிங் போட்டால் முன்பக்கம் 60, 70 தூக்கிக்கொண்டு நிற்கும், மறுபடி முதலிலிருந்து. அப்பர் ஆர்மை அதற்கப்புறம் யோசிக்கலாம். 40இல் கம்பெனி ஆர்மும் கேமும் தாங்கும்.

ஷார்ஜா_மணல்

40 என்றால் நானும் ஒத்துக்கொள்கிறேன். 50க்கு மேல் போனால் ஆர்ம் இல்லாமல் செய்யாதீர்கள்.

புதுமுகம்_டிமேக்ஸ் (மதுரை)

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். லிஃப்ட் செய்த பிறகு எதிரே வருபவர்கள் எல்லாம் எனக்கு டிம் அடிக்கிறார்கள். லோ பீமில்தான் போகிறேன்.

19ஸ்பேனர்

முன்பக்கம் தூக்கினால் ஹெட்லைட்டும் தூக்கிக்கொள்ளும். சுவருக்கு எதிரே நிறுத்தி, ஒளியின் மேல் விளிம்பை இறக்குங்கள். ஹெட்லைட்டுக்குப் பின்னால் திருகு இருக்கும். உள்ளே இருக்கும் லெவலிங் சக்கரம் சுமைக்குத்தான், அதை வைத்துச் சமாளிக்காதீர்கள்.

எஸ்டேட்காரன்

கசிவு கிளாம்ப்பில்தான், மடிப்பு நன்றாக இருக்கிறது. கிளாம்ப் மாற்றியாயிற்று. 40 மி.மீ. செட்டுக்குச் சொல்லியிருக்கிறேன், மீடியம் ஸ்பிரிங். ஓட்டுநர் பக்க ஸ்பிரிங் சற்று நீளமாக வரும் என்கிறார்கள். சரிதானே? மாட்டியதும் உடனே அலைன்மென்டுக்குக் கொண்டுவரலாமா?

19ஸ்பேனர்

சரிதான். ஓட்டுநர் எடைக்காகச் சில கிட்களில் அப்படி வரும். நமக்கு ஓட்டுநர் வலப்பக்கம், நீளமானது வலப்பக்கம் போக வேண்டும். மற்ற நாட்டு லேபிளை நம்பாமல் இரண்டையும் நிறுத்தி வைத்து அளந்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.

மாட்டிய அன்று டோ மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் அமர ஐந்நூறு, ஆயிரம் கிலோமீட்டர் ஆகும். அமர்ந்த பிறகு நான்கு இடத்திலும் உயரம் அளந்துவிட்டு வாருங்கள், கேம் முழுவதும் புதிதாகச் செய்வோம். வரும்போது டயரில் காற்று இரண்டு பக்கமும் ஒரே அளவு, டீசல் அரை டேங்க், பின்னால் வழக்கமாக ஏற்றும் மூட்டையில் பாதி. காலியாகவே ஓடும் வண்டி அல்லவே உங்களுடையது, அந்தச் சுமையிலேயே அளந்து வைத்தால்தான் சரியாக இருக்கும்.